கார் கிளம்பவில்லையா? கம்ப்ரஷன் போயிற்றா என்று கண்டறிவது எப்படி?

ஒரு திங்கட்கிழமை விடியற்காலை. எங்கள் தாமானில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் அண்ணன் ஒருவரின் பழைய பெட்ரோல் வேன் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. பேட்டரிதான் பழுது என்று புதிய பேட்டரி வாங்கிப் போட்டார். பயனில்லை. ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். அதுவும் பயனில்லை. மறுநாள் வந்து பார்த்த ஒருவர், “இஞ்சினில் கம்ப்ரஷன் இல்லை. இறக்கிப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும்” என்று சொல்லி, சில ஆயிரம் வெள்ளிக்குக் கணக்கும் எழுதிக் கொடுத்தார்.

கம்ப்ரஷன் இல்லை என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அதற்கு ஓவர்ஹால்தான் மருந்தா? அந்த அண்ணனின் கதை எப்படி முடிந்தது என்பதைக் கட்டுரையின் முடிவில் பார்ப்போம். அதற்கு முன்பு, கம்ப்ரஷன் என்றால் என்ன, அது எப்படிப் போகிறது, போன இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்துகொள்வோம்.

கம்ப்ரஷன் எதற்கு?

பெட்ரோல் இஞ்சின் உயிர் பெற மூன்று பொருத்தங்கள் வேண்டும். சரியான அளவில் எரிபொருளும் காற்றும் உள்ளே வர வேண்டும். சரியான நேரத்தில் தீப்பொறி விழ வேண்டும். அந்தத் தீப்பொறி விழும்போது எரிபொருள் கலந்த காற்று நன்றாக அமுக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் கம்ப்ரஷன் என்கிறோம்.

1860ஆம் ஆண்டில் லெனுவார் என்பவர் உருவாக்கிய எரிவாயு இஞ்சினில் கம்ப்ரஷனே கிடையாது. வாயுவையும் காற்றையும் உள்ளே இழுத்து, அமுக்காமல் அப்படியே கொளுத்தியது. அது ஓடியது, ஆனால் நிறைய வாயுவை விழுங்கிவிட்டுக் கொஞ்சம் வேலை செய்தது. 1876இல் ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஓட்டோ, கொளுத்துவதற்கு முன்பு கலவையை அமுக்கும் நான்கு வீச்சு இஞ்சினை ஓட்டிக் காட்டினார். உள்ளிழு, அமுக்கு, எரி, வெளியேற்று என்ற அதே வரிசையில்தான் இன்று நம் கார்களும் ஓடுகின்றன.

இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில், சிலிண்டருக்குள் வந்த காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்கப்படுகிறது. இதை 10:1 என்று எழுதுவார்கள். வெப்பநிலை மாறாதிருந்தால், பருமன் பத்தில் ஒன்றானால் அழுத்தம் பத்து மடங்காகும் என்பது பள்ளியில் படிக்கும் பாயில் விதி. வளிமண்டல அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. அதைப் பத்தால் பெருக்கினால் 147. அழுத்தமானி வளிமண்டலத்துக்கு மேலே உள்ளதை மட்டும் காட்டுவதால் 14.7ஐக் கழித்தால் சுமார் 132 வர வேண்டும். ஆனால் நல்ல நிலையில் உள்ள 10:1 இஞ்சின் பலவற்றில் 160, 180 என்றுகூட முள் நிற்கும். கூடுதல் எங்கிருந்து வந்தது?

சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்களுக்கு விடை தெரியும். பம்பின் அடிப்பகுதி கையில் சுடும். காற்றைச் சட்டென்று அமுக்கினால் அது சூடாகிறது. சூடான காற்று மேலும் தள்ளுகிறது. ஆகவே கம்ப்ரஷன் இரண்டு வேலைகளைச் செய்கிறது. கலவையை நெருக்கமாக்குகிறது, அதைச் சூடேற்றியும் வைக்கிறது. இந்தச் சூடு கிடைக்காத கலவையில் தீப்பொறி விழுந்தாலும் அது சரியாகப் பற்றாது. பற்றினாலும் பிஸ்டனைத் தள்ள வலு இருக்காது.

(டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் நாம் பார்க்கும் 210 கிலோபாஸ்கல் என்பது சுமார் 30 பி.எஸ்.ஐ. அதோடு ஒப்பிட்டால் சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் என்பது விளங்கும்.)

கிளம்பும்போது மட்டும் ஏன் தொல்லை?

“நேற்று ஓடிய கார் இன்று கிளம்பவில்லையே” என்று பலர் கேட்பார்கள். இதற்குக் காரணம் வேகம். சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் இஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று வேகத்தில்தான் சுற்றுகிறது. ஒரு தடவை காற்றை அமுக்க அப்போது 0.15 நொடி ஆகிறது. கார் சாலையில் 3,000 சுற்று வேகத்தில் ஓடும்போது அதே வேலைக்கு 0.01 நொடிதான். ஓட்டையுள்ள வாளியில் தண்ணீர் மொள்வது போல இது. மெதுவாகத் தூக்கினால் வழியிலேயே ஒழுகிவிடும். வேகமாகத் தூக்கினால் பாதியாவது வந்து சேரும். சிறு கசிவுள்ள இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது சமாளித்துவிடும். குளிர்ந்து நின்றபின் மீண்டும் கிளம்பச் சொன்னால் தோற்றுவிடும்.

முதலில் காதால் கேளுங்கள்

கருவி எடுப்பதற்கு முன்பே காது பாதி விடையைச் சொல்லிவிடும். நல்ல நான்கு சிலிண்டர் இஞ்சின் கிளம்பாமல் சுற்றும்போது ‘ரு… ரு… ரு… ரு…’ என்று சீரான தாளம் கேட்கும். ஒவ்வொரு ‘ரு’வும் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி மேலேறும் சிரமம்.

* ‘டக்’ என்ற ஒலி மட்டும் வந்தாலோ, மிக மெதுவாக முனகிச் சுற்றினாலோ, முதலில் பேட்டரியையும் அதன் இணைப்புகளையும் பாருங்கள்.
* தாளம் சீராக இருந்தும் பற்றவில்லை என்றால், கம்ப்ரஷன் பெரும்பாலும் இருக்கிறது. எரிபொருள், தீப்பொறிப் பக்கம் தேடுங்கள்.
* ‘ரு… ரு… ரு… ஸ்ஸ்… ரு… ரு… ரு… ஸ்ஸ்’ என்று தாளம் இடறினால், ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை.
* தாளமே இல்லாமல், தையல் மோட்டார் போல ‘விர்ர்ர்’ என்று வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால், எல்லாச் சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் போயிருக்கிறது.

கடைசியாகச் சொன்ன ஒலியைக் கேட்டால் சாவியை விட்டுவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பிஸ்டனின் அசைவையும் வால்வுகளின் அசைவையும் ஒன்றோடொன்று பொருத்தி வைப்பது அந்தப் பெல்ட்தான். அது அறுந்தால் கேம் தண்டு நின்றுவிடும். சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும். சில வகை இஞ்சின்களில் மேலே வரும் பிஸ்டன், திறந்து நிற்கும் வால்வில் முட்டி அதை வளைத்துவிடும். திரும்பத் திரும்பச் சுற்றினால் சேதம் கூடலாம். பல கார்களில் இஞ்சின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் கேம் தண்டின் ஒரு பகுதி தெரியும். இன்னொருவரை ஒரே ஒரு நொடி மட்டும் சாவியைத் திருப்பச் சொல்லி, கையை உள்ளே விடாமல் பாருங்கள். கிராங்க் சுற்றியும் கேம் தண்டு அசையவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி உள்ள கார்களிலும், சங்கிலி பல் தாண்டியிருந்தால் இதே தொல்லை வரலாம்.

வெள்ளத்தில் நின்ற காருக்கு வேறு விதி உண்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் வட்டாரங்களில் மூழ்கிய கார்களை நாம் மறந்திருக்க மாட்டோம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால், பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளையக்கூடும். வளைந்த தண்டு குட்டையாகும். பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறாது. அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷன் நிரந்தரமாகக் குறைந்துவிடும். ஆகவே வெள்ளம் கண்ட காரைக் கிளப்பிப் பார்க்கவே கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் அடுத்த வேலை.

அளந்து பார்க்கும் முறை

கம்ப்ரஷன் கேஜ் என்னும் அழுத்தமானி விலை மிகுந்த கருவியன்று. பட்டறைகளில் இருக்கும், உபகரணக் கடைகளிலும் கிடைக்கும். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஹைப்ரிட் காரில் உயர் மின்னழுத்தம் இருப்பதால் சொந்தமாக முயலவே வேண்டாம். ஆனாலும் முறை தெரிந்திருந்தால், நம் கண் முன்னே சரியாக அளந்தார்களா என்று பார்க்கலாம்.

1. பேட்டரி முழு மின்னேற்றத்துடன் இருக்க வேண்டும். மெதுவாகச் சுற்றினால் நல்ல இஞ்சினும் குறைவாகவே காட்டும்.
2. கியரை நியூட்ரலில் அல்லது ‘பி’யில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள். எரிபொருள் பம்பின் ஃபியூஸையும், தீப்பொறி தரும் காயில்களின் இணைப்பையும் கழற்றுங்கள். பிளக் துளைகளிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும்போது பக்கத்தில் தீப்பொறி இருக்கக் கூடாது.
3. எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டருடையது என்று வரிசையாக வையுங்கள். ஈரமாக இருக்கிறதா, கரி படிந்திருக்கிறதா, எண்ணெய் ஒட்டியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.
4. முதல் சிலிண்டரில் கேஜைத் திருகிப் பொருத்துங்கள். எக்சிலரேட்டர் மிதியை முழுக்க அழுத்திப் பிடியுங்கள். இதைச் செய்யாவிட்டால் காற்று உள்ளே வராது, கணக்குத் தவறாகும்.
5. ஐந்து அல்லது ஆறு தடவை அந்தச் சிலிண்டர் அமுக்கும் வரை சுற்றுங்கள். முதல் தடவையில் முள் எங்கே போனது, கடைசியில் எங்கே நின்றது என்று இரண்டையும் எழுதுங்கள். எல்லாச் சிலிண்டர்களிலும் அதே எண்ணிக்கையில் சுற்றுங்கள்.
6. குறைவாகக் காட்டிய சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இஞ்சின் எண்ணெயைப் பிளக் துளை வழியாக விட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். இதை ஈரச் சோதனை என்பார்கள்.

டீசல் இஞ்சினில் அழுத்தம் பெட்ரோல் இஞ்சினைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். அதற்குத் தனிக் கேஜ் வேண்டும்.

எண்களை எப்படிப் படிப்பது?

சரியான எண் எது என்பதை அந்தக் காரின் சேவைக் கையேடு சொல்லும். பொதுவாகப் பெட்ரோல் இஞ்சின்கள் 120க்கும் 190க்கும் இடையில் காட்டும். எண் எவ்வளவு பெரியது என்பதைவிட, எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதே முக்கியம். ஆகக் குறைந்த எண், ஆக உயர்ந்த எண்ணின் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது என்பது பட்டறைகளில் பின்பற்றும் விதி. சில உதாரணங்களைப் பார்ப்போம்.

170, 168, 172, 40. நான்காவதில் எண்ணெய் விட்ட பின்பும் 45தான். எண்ணெய் பிஸ்டன் வளையங்களைச் சுற்றித் தேங்கி அந்த இடைவெளியை அடைக்கும். மேலே உள்ள வால்வை அது எட்டாது. எண்ணெய் விட்டும் ஏறவில்லை என்றால் கசிவு வளையத்தில் இல்லை. வால்வு கருகியிருக்கலாம், வளைந்திருக்கலாம், கரி சிக்கி மூடாமல் இருக்கலாம்.

170, 60, 60, 168. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் எரிந்து, ஒன்றின் காற்று மற்றொன்றுக்குப் போகிறது. கேமரன் மலை ஏறும்போதோ நெரிசலிலோ இஞ்சின் சூடேறிய பிறகும் ஓட்டிக்கொண்டே வந்த கார்களில் இதைப் பார்க்கலாம்.

90, 85, 95, 88. எண்ணெய் விட்டதும் எல்லாம் 140ஐத் தாண்டுகின்றன. வளையங்கள் சிலிண்டர் சுவரோடு ஒட்டி மூடவில்லை. முதல் தடவையில் முள் கொஞ்சமாக ஏறி, பிறகு படிப்படியாகக் கூடினால் அதுவும் இதையே சொல்கிறது.

நான்கிலும் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. டைமிங் பெல்ட்டை முதலில் பாருங்கள்.

நான்கும் ஒரே அளவில் சற்றுக் குறைவு. பெல்ட் ஓரிரு பல் தாண்டியிருக்கலாம். அதற்கு முன்பு, மிதியை முழுக்க அழுத்தினோமா, பேட்டரி நன்றாக இருந்ததா என்று நம்மையே ஒருமுறை சந்தேகிக்க வேண்டும்.

கசிவின் வாயைக் கண்டுபிடிப்பது

இன்னும் உறுதி வேண்டுமானால் கசிவுச் சோதனை இருக்கிறது. சந்தேகமுள்ள சிலிண்டரின் பிஸ்டனை, வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும் உச்ச நிலைக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்துவார்கள். காற்றின் தள்ளலில் இஞ்சின் சட்டென்று சுற்றக்கூடும் என்பதால், காற்றாடிக்கும் பெல்ட்டுகளுக்கும் பக்கத்தில் கை வைக்கக் கூடாது. பிறகு மருத்துவர் நெஞ்சில் காது வைப்பது போல ஒவ்வோர் இடமாகக் கேட்க வேண்டும்.

புகைக்குழாயில் ‘உஸ்’ என்று கேட்டால் வெளியேற்றும் வால்வு கசிகிறது. காற்று வடிகட்டிப் பக்கம் கேட்டால் உள்ளிழுக்கும் வால்வு. எண்ணெய் ஊற்றும் துளையில் கேட்டால் பிஸ்டன் வளையம். பக்கத்துப் பிளக் துளையில் கேட்டால் நடுவிலுள்ள கேஸ்கெட். குளிர்ந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்து பார்க்கும்போது குமிழிகள் வந்தால், கேஸ்கெட் தண்ணீர்ப் பாதைப் பக்கம் உடைந்திருக்கிறது அல்லது சிலிண்டர் ஹெட்டில் விரிசல். சூடான ரேடியேட்டரை ஒருபோதும் திறக்காதீர்கள்.

வேன் அண்ணனின் கதை

இப்போது அந்த வேனுக்கு வருவோம். இரண்டாவதாக வந்த மெக்கானிக் வயதானவர். பிளக்குகளைக் கழற்றினார். நான்கும் பெட்ரோலில் நனைந்திருந்தன. கேஜ் வைத்தார். நான்கு சிலிண்டர்களும் 60ஐ ஒட்டியே நின்றன. எண்ணெய் விட்டு அளந்தார். முள் 150ஐத் தொட்டது.

மேலே பார்த்த பாடத்தின்படி இது வளையக் கோளாறு. ஓவர்ஹால் சொன்னவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் பெரியவர் கேஜைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, வெள்ளிக்கிழமை வண்டி எப்படி ஓடிச்சு?”

“நல்லாத்தான் ஓடிச்சுங்க. புகைகூட இல்லை.”

“அப்புறம் சனி, ஞாயிறு?”

“எங்கேயும் எடுக்கலை. ஞாயிற்றுக்கிழமை கழுவுறதுக்காகக் கொஞ்சம் வெளியே நகர்த்தினேன். கழுவிட்டு மறுபடி உள்ளே விட்டேன். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் விஷயமும். குளிர்ந்த இஞ்சின் கிளம்பும்போது பெட்ரோல் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செலுத்தப்படுகிறது. இரண்டு தடவை கிளப்பி, சூடாக விடாமல் உடனே நிறுத்தியதால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிட்டது. பிஸ்டன் வளையமும் சுவரும் காற்றுப் புகாமல் மூடுவதற்கு அந்த மெல்லிய படலம் வேண்டும். படலம் போனதும் கம்ப்ரஷன் போயிற்று. திங்கட்கிழமை காலையில் அவர் திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பத் திருப்ப, மேலும் பெட்ரோல் இறங்கி மிச்சமிருந்ததையும் கழுவியது.

தேய்ந்த வளையமும் கழுவப்பட்ட சிலிண்டரும் கேஜில் ஒரே எண்ணைத்தான் காட்டும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது நேற்றைய கதை. வளையங்கள் ஒரே இரவில் தேய்வதில்லை. பல மாதங்கள் நீலப் புகை விட்டு, எண்ணெய் குடித்து, வலு குறைந்து, முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகும். வெள்ளிக்கிழமை நன்றாக ஓடிய இஞ்சின் திங்கட்கிழமை நான்கு சிலிண்டரிலும் ஒரே நேரத்தில் தேய்ந்துபோயிருக்க முடியாது.

பெரியவர் எரிபொருள் பம்பை நிறுத்தியபடியே, பிளக் இல்லாமல் இஞ்சினைச் சில நொடிகள் சுற்றித் தேங்கிய பெட்ரோலை வெளியேற்றினார். ஒவ்வொரு சிலிண்டரிலும் மறுபடி சிறிது எண்ணெய் விட்டார். பிளக்குகளைத் துடைத்துக் காயவைத்துப் பூட்டினார். மிதியை முழுக்க அழுத்தியபடி சாவியைத் திருப்பச் சொன்னார். இருமிக்கொண்டு, வெள்ளைப் புகை கக்கி, வேன் உயிர் பெற்றது. நன்றாகச் சூடேறும் வரை ஓடவிட்டு, பெட்ரோல் கலந்துபோன இஞ்சின் எண்ணெயையும் மாற்றினார். செலவு எண்ணெய்க்கும் அவர் கூலிக்கும் மட்டும். புதன்கிழமை பிள்ளைகள் வழக்கம்போல் பள்ளிக்குப் போனார்கள்.

கருவி ‘எங்கே’ என்று சொல்லும். ‘ஏன்’ என்பதை வண்டியின் கதைதான் சொல்லும். இரண்டையும் கேட்காமல் இஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். காரை வாசலில் நகர்த்துவதற்காகக் கிளப்பினால், இஞ்சின் சூடேறும் வரை சில நிமிடம் ஓடவிட்ட பிறகே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட்டைக் கையேட்டில் சொன்ன தூரத்தில் மாற்றிவிடுங்கள். பட்டறையில் “கம்ப்ரஷன் இல்லை” என்றால், “நான்கு சிலிண்டரும் எவ்வளவு காட்டின? எண்ணெய் விட்ட பின் எவ்வளவு?” என்று கேளுங்கள். எண் இல்லாமல் சொல்லும் தீர்ப்புக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுக்க வேண்டியதில்லை.

செய்து பாருங்கள்

மாணவர்களே, மருந்தகத்தில் கிடைக்கும் ஊசி இல்லாத 10 மில்லிலிட்டர் சிரிஞ்சு ஒன்றை வாங்குங்கள். தண்டை முழுக்க இழுத்து, முனையை விரலால் இறுக அடைத்துக்கொண்டு அழுத்துங்கள். பாதி தூரம் போவதற்குள் எதிர்ப்பு கூடிவிடும். அதுதான் கம்ப்ரஷன்.

இப்போது விரலைச் சற்றே தளர்த்தி, சிறு கசிவு ஏற்படுத்திக்கொண்டு மெதுவாக அழுத்துங்கள். எதிர்ப்பே இல்லாமல் தண்டு இறங்கிவிடும். அதே கசிவோடு சட்டென்று வேகமாக அழுத்துங்கள். கையில் எதிர்ப்பு தெரியும். கசிவுள்ள இஞ்சின் சாலையில் ஓடுவதும், காலையில் கிளம்ப மறுப்பதும் ஏன் என்பதற்கு விடை உங்கள் விரல் நுனியிலேயே இருக்கிறது.